மாமாவிடம் சமையல் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கல்பாத்திக்காரன்: எங்கள் கிராமத்துக் கல்யாணச் சமையல் மாமா போன வாரம் தவறிவிட்டார். கேட்டரிங் பையன்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். அவர் வைக்கும் குறுக்குக் காளன், அதாவது மோரை வற்ற வைத்துச் செய்யும் கெட்டியான கேரளக் குழம்பு, அது மட்டும் எப்படித் திரியாமல் வந்தது?

நூரணி: நான் அவரிடம் படித்தவன். புளித்த மோரைக் கடைந்து உருளியில் (அகன்ற வெண்கலப் பாத்திரம்) விட்டு, சிறு தீயில் கை நிறுத்தாமல் கிளறி வற்ற வைப்பார். ஊர்க்கதை பேசிக்கொண்டே கிளறினால் சட்டுவக் காம்பால் முட்டியில் ஒரு தட்டு! அப்புறம்தான் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுது. வறுத்த வெந்தயப்பொடி கடைசியில். அளவு கேட்டால் சொல்லமாட்டார், முகர்ந்து பார் என்பார். கோபக்காரர்தான், ஆனால் பையன்கள் சாப்பிடாமல் தான் இலை போடமாட்டார்.

கல்பாத்திக்காரன்: சரி, அதில் போடும் காய் சேனையா நேந்திரங்காயா?

நூரணி: இரண்டும். மிளகுப்பொடி, மஞ்சள் போட்டு முதலிலேயே வேகவைத்துவிடணும்.