பிளாக் டைம்: "நிலையிடை நேரம்" சரிப்படுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

விமானத் துறையில் வழங்கும் "பிளாக் டைம்" (block time) என்ற சொல்லுக்குத் தமிழில் "பறப்பு நேரம்" போதும் என்று இருவர் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல், சேர்ந்த ஊரில் கடைசியாக நிற்பது வரை உள்ளதுதான் பிளாக் டைம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அங்கே வரிசையில் காத்துக் கிடப்பது, இறங்கியபின் வாயில் வரை வருவது எல்லாம் அதில் அடக்கம். "பறப்பு நேரம்" என்பதைச் சக்கரம் தரையில் படாத நேரத்துக்கே விட்டுவிடலாம்.

சிங்கப்பூர்–நியூயார்க் விமானத்தைப் பாருங்கள். இப்போதைக்கு இடைநிற்காத பயணிகள் சேவைகளில் இதுதான் மிக நீளம். சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகை கிழக்கு, நியூயார்க் 74 பாகை மேற்கு. கிட்டத்தட்ட எதிரெதிர் என்பதால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு 49.4. ஆக 138 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்தால் 15,350 கி.மீ. அருகே வரும். பூமிப் பரப்பின் மேல் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகியதான இந்தத் தொலைவுதான் பெருவட்டத் தொலைவு. அந்தச் சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. போகும்போது பசிபிக், திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா என்று இரு பக்கமும் கிழக்கு நோக்கியே பறக்கும் நாட்கள் உண்டு. உயரத்தில் மேற்கிலிருந்து விரைந்து வீசும் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளுவதால், தொலைவு கூடினாலும் நேரம் மிச்சமாகிறது. இது தெரியாமல் பெருவட்டத் தொலைவை அட்டவணையில் உள்ள 18 மணிச் சொச்சப் பிளாக் டைமால் வகுத்து, "விமானத்தின் வேகம்" என்று எழுதிவிடுகிறார்கள். தொகுதியும் தப்பு, பகுதியும் தப்பு. அதனால் "பறந்த தொலைவு" என்றும் தனியாக ஒன்று வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருவோம். தேர் புறப்பட்டால் நிலையை விட்டது என்கிறோம், வந்து சேர்ந்தால் நிலைக்கு வந்தது என்கிறோம். விமானம் நிற்கும் இடமும் நிலைதான். பிளாக் என்பது சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை. தேருக்கும் முட்டுக்கட்டை உண்டு. ஆனால் "முட்டுக்கட்டை நேரம்" என்று அறிவித்தால் பயணி இறங்கி ஓடிவிடுவார்! ஆகவே நிலைவிடு நேரம், நிலைசேர் நேரம், இரண்டுக்கும் நடுவே நிலையிடை நேரம்.

பயணச்சீட்டில் இருப்பவை முதல் இரண்டும்தான், அந்தந்த ஊர் நேரத்தில். நேராகக் கழித்தால் கணக்கு உதைக்கும்: சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி வித்தியாசம்.

"பயண நேரம்" இதைவிடப் பெரியது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நியூயார்க் போகிறவருக்கு இரண்டு நிலையிடை நேரங்கள், நடுவே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் காத்திருப்பு. மூன்றையும் கூட்டினால்தான் பயண நேரம். இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.