ஆயா வீடு குழு: மாமா வருகிறார், லோகேஷுக்கு எந்தப் பலகை?

தோஹா மாமா (காலை 7:12): எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி இரவு விமானம். பெட்டியில் இன்னும் 9 கிலோ பாக்கி இருக்கிறது. லோகேஷ் ஒரு ஸ்கேட்போர்டு கேட்டான், அதில் நின்று காத்தாடியைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டுமாம். இன்று சாயந்திரம் கடைக்குப் போகிறேன். எது வாங்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

லோகேஷ்: மாமா நான் அனுப்பிய படம்தான். கறுப்புப் பலகை, சிவப்பு வீல். 9 மீட்டர் காத்தாடியும்

செல்வி சித்தி: எனக்குத் தெரியாமல் எப்போது கேட்டாய்?

பெரியம்மா: காத்தாடியா

பெரியம்மா: இந்த வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது

ராணி அத்தை: அண்ணி, இது வேறு காத்தாடி

பெரியம்மா: எந்தக் காத்தாடியாக இருந்தாலும் நூலில்தானே பறக்கிறது

சரவணன் அண்ணன்: மாமா, அந்தப் படத்தில் இருப்பதை வாங்காதீர்கள். அது தெருவில் தாவி விளையாடும் போர்டு. வீல் 52 மில்லிமீட்டர்தான், இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. கெட்டித்தனம் 99ஏ, அதாவது கல் மாதிரி. ஒரு சின்ன ஜல்லி மாட்டினால் நின்றுவிடும். சும்மா ஓட்டும்போது நின்றால் இரண்டு எட்டு ஓடிச் சமாளிக்கலாம். காத்தாடி கையில் இருக்கும்போது வீல்தான் நிற்கும், காத்தாடி நிற்காது. ஆளைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும்.

விக்கி: 😳

தோஹா மாமா: அப்போது எது?

சரவணன் அண்ணன்: முதலில் எங்கே ஓட்டப் போகிறான் என்று முடிவு பண்ண வேண்டும் மாமா. தரையைப் பார்த்து வீல், வீலைப் பார்த்துப் பலகை, காத்தாடி கடைசி. இவன் தலைகீழாகக் கேட்கிறான். வழவழப்பான தார், சிமெண்ட் தரை என்றால் நீளப் பலகை, ஏறக்குறைய ஒரு மீட்டர், வீல் 75 மில்லிமீட்டருக்கு மேல், 78ஏ மாதிரி மெத்தென்று. மண் மைதானம் என்றால் அதெல்லாம் ஆகாது. காற்றடிக்கும் டயர் வைத்த மலைப் பலகைதான். டயர் 8 அங்குலம், உள்ளே ட்யூப், காலை மாட்ட வார். அதைக் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும், விழுந்தால் கால் கழன்று வர வேண்டும். தார் ரோட்டில் காத்தாடி விடக் கூடாது என்பதால் நமக்கு இரண்டாவதுதான்.

லோகேஷ்: அண்ணா எண்ணூர் ரோடு காலையில் காலியாகத்தான் இருக்கும்

மணி சித்தப்பா: கன்டெய்னர் லாரி காலி ரோட்டில்தான் பறக்கும். கால் ஒடியும்

சரவணன் அண்ணன்: கண்டிப்பாக வேண்டாம்டா. கிழக்கே பாறைக்கல் கொட்டியிருக்கிறார்கள், மேற்கே மின்கம்பி, நடுவில் லாரி. காலையில் மேற்கிலிருந்து காற்று அடித்தால் காத்தாடி உன்னைக் கல்மேல் இழுக்கும், மத்தியானம் கடல்காற்று வந்தால் கம்பிமேல் போகும்.

ராணி அத்தை: கடற்கரை மணலில் விட்டால் என்ன சரவணா? விழுந்தாலும் வலிக்காது

சரவணன் அண்ணன்: அத்தை, நம் மணல் பொலபொல என்று இருக்கும், டயர் புதைந்துவிடும். நான் பிரான்ஸில் டன்கிர்க் துறைமுகத்தில் இரண்டு வருடம் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை இதைத்தான் ஓட்டினேன். அங்கே கடல் ஐந்து மீட்டர்வரை ஏறி இறங்கும். இறங்கினால் ஈர மணல் இறுகிப்போய் மைதானம் மாதிரி கிடக்கும், குதிகால் வைத்தால் தடம்கூடப் பதியாது. சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான், அந்த அகலம் வராது. அதனால்தான் மைதானம் என்கிறேன்.

பெரியம்மா: எல்லாம் சரி. கொருக்குப்பேட்டை பாலத்தில் உன் அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது மறந்துவிட்டதா? ஒன்பது தையல்

பெரியம்மா: அப்போது மொட்டை மாடியில் கண்ணாடித்தூளும் வஜ்ஜிரமும் காய்ச்சியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்

ராணி அத்தை: வஞ்சிரமா? இப்போது என்ன விலை சொல்கிறார்கள்?

செல்வி சித்தி: ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அத்தை, வாயில் வைக்க முடியாத விலை. காதுகுத்துக்குக் கோழியே போதும்

ராணி அத்தை: மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், மீன் இல்லாமல் எப்படி

விக்கி: அத்தை அது பசை 😂

மணி சித்தப்பா: அண்ணி, அது என் நூல் இல்லை என்று அப்போதே சொன்னேன். இருந்தும் அன்றைக்கே நூல் சுற்றிய லோட்டாயை அடுப்பில் போட்டேன். அதற்கப்புறம் காத்தாடியில் ஒரு டீல், ஒரு அறுப்புப் போட்டி விட்டதில்லை

பெரியம்மா: யார் நூல் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை

சரவணன் அண்ணன்: அம்மா, விடுங்கள். மாஞ்சாவும் இதுவும் ஒன்றில்லை. நைலான் மாஞ்சா, சீன மாஞ்சாவுக்கு 2017-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை போட்டுவிட்டது. இதில் கண்ணாடித்தூளே கிடையாது, யாரையும் அறுக்க வேண்டிய வேலையும் கிடையாது. காத்தாடி ஆளை இழுக்கும், அவ்வளவுதான். இது புதுசும் இல்லை. 1826-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் காத்தாடி இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமையே வாங்கினார். அங்கே சுங்கம் குதிரைக்குத்தான், இவர் வண்டியில் குதிரை இல்லை, அதனால் காசு கேட்க முடியவில்லை.

விக்கி: டோல் கிடையாதா, மாமா எனக்கும் ஒன்று

தோஹா மாமா: சரவணா, கடைக்காரர் ட்ரக் எப்படி வேண்டும் என்று கேட்கிறார்

ராணி அத்தை: லாரியா?

சரவணன் அண்ணன்: வீலைத் தாங்கும் அச்சுக்குப் பெயர் அத்தை. மாமா, மலைப் பலகையில் ஸ்பிரிங் வைத்த அச்சு இருக்கும், அதுவே போதும். கொஞ்சம் இறுக்கி வைக்கச் சொல்லுங்கள். காத்தாடி பக்கவாட்டில் இழுக்கும், இவன் குதிகாலை ஊன்றி எதிர்ப்பக்கம் சாய வேண்டும். அச்சு தளர்வாக இருந்தால் வேகம் கூடும்போது பலகை உதறும். 9 சதுர மீட்டர் காத்தாடி வேண்டவே வேண்டாம். 58 கிலோ பையனுக்கு முதல் வருடம் 3 சதுர மீட்டருக்கு மேல் தேவையில்லை. காற்று 10 கிலோமீட்டரிலிருந்து 20 ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. நம் மைதானத்தைச் சுற்றிக் கட்டடம், காற்று முட்டி முட்டி வரும், ஒரு நொடி சும்மா இருந்து அடுத்த நொடி பிடுங்கும். நான்கு நூல் வைத்த, மணிக்கட்டில் பாதுகாப்பு வார் உள்ள காத்தாடியாக வாங்குங்கள். கைப்பிடியை விட்டால் காத்தாடி காற்றை இழந்து பொத்தென்று விழும். பலகைக்குப் பிரேக் கிடையாது, அந்த வார்தான் பிரேக். அப்புறம் ஹெல்மெட், முழங்கால் கவசம். பலகைக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

லோகேஷ்: 3 மீட்டரில் ஓடவே ஓடாது அண்ணா

சரவணன் அண்ணன்: கடல்காற்று வந்தால் ஓடும். முதல் மாதம் பலகையே கிடையாது, நின்ற இடத்தில் காத்தாடி மட்டும்.

செல்வி சித்தி: கல்லூரி சேர்ந்த பிறகு பார்க்கலாம்

மணி சித்தப்பா: வாங்கி வரட்டும், பரண் மேல் இருக்கட்டும்

செல்வி சித்தி: பரண் மேல் இருக்குமா இவன் கையில் இருக்குமா, சொல்லுங்கள்

பெரியப்பா (மாலை 5:40): அந்த நூல் எவ்வளவு மெல்லிசு

சரவணன் அண்ணன்: மெல்லிசுதான் அப்பா. மறைக்கவில்லை. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. இழுப்பில் இருக்கும்போது கை காலில் சுற்றினால் அறுக்கும். 20 மீட்டர் நீளம், காத்தாடிக்குக் கீழே அந்த வட்டத்துக்குள் ஒருவரும் வரக் கூடாது. அதனால்தான் ரோடு வேண்டாம், கடற்கரைக் கூட்டம் வேண்டாம் என்கிறேன்.

பெரியப்பா: மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்களே

சரவணன் அண்ணன்: அதுதான் எனக்கும் கவலை. அவன் படித்த பள்ளி மைதானம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும், தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.

பெரியப்பா: கேள். கிடைத்தால் நானும் வருகிறேன். வாசலில் நிற்க ஒரு ஆள் வேண்டும்

மணி சித்தப்பா: நானும் வருகிறேன் அண்ணா

பெரியப்பா: வா

பெரியம்மா: மாத்திரை போட்டீர்களா, பாக்கெட் மேஜையில் அப்படியே இருக்கிறது

தோஹா மாமா: மூன்று கேள்வி. 8 அங்குலமா 9 அங்குலமா? பலகை மட்டும் 7 கிலோ, காத்தாடியும் ஹெல்மெட்டும் சேர்த்தால் 9 தாண்டுமா? பெட்டி 110 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது, விமானத்தில் ஏற்றுவார்களா?

சரவணன் அண்ணன்: 8 மாமா. டயரை, அச்சைக் கழற்றிப் பெட்டியில் வைத்தால் நீளம் குறையும். தாண்டினால் காத்தாடியை விட்டுவிட்டுப் பலகை, ஹெல்மெட் மட்டும். ட்யூப் இரண்டு கூடுதலாக, மைதானத்தில் கருவேல முள் உண்டு.

லோகேஷ்: காத்தாடி இல்லாமல் எதற்கு அண்ணா

ராணி அத்தை: ஏங்க, பலகை வந்தால் நான் கேட்ட குங்குமப்பூ, பேரீச்சம்பழம் எதில் வரும்?

தோஹா மாமா: கடை 9 மணி வரைதான். சீக்கிரம் சொல்லுங்கள்

செல்வி சித்தி: கோழியா மீனா அதை முதலில் சொல்லுங்கள், சமையல்காரர் லைனில் இருக்கிறார்