சுருள் ரம்பமா, கருக்கு ரம்பமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மேசைமேல் நிறுத்தி, மெல்லிய அலகை மேலும் கீழுமாக ஓடவிட்டு, பலகையில் நுணுக்கமான வளைவுகளை அறுத்தெடுக்கும் இயந்திரத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை சுருள் ரம்பம், இழை ரம்பம், வளைவறுப்பான் என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. அந்த இயந்திரத்தில் புதிதாக ஒன்று வாங்க ஒரு மாதமாக விவரக்குறிப்புகளைப் படித்துக்கொண்டும், சிங்கப்பூரின் ஜாலான் புசார் வட்டாரக் கடைகளில் ஏறி இறங்கிக்கொண்டும் இருப்பவன் என்ற முறையில் நானும் ஒரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலில் சுருள் ரம்பம். ஆங்கிலத்தில் இதை 'ஸ்குரோல் சா' என்பதால் நண்பர் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார். ஆனால் இந்த இயந்திரத்தில் எதுவும் சுருள்வதில்லை; அலகு நேராக விறைத்து நிற்கிறது. ஆங்கிலப் பெயர் கருவியின் வடிவத்தைக் கண்டு வந்ததன்று, அது அறுத்துத் தரும் கொடிபோன்ற அலங்கார வளைவுகளைக் கண்டு வந்தது. நேர் மொழிபெயர்ப்பு எப்போதுமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. சிங்கப்பூரில் 'ஈரச்சந்தை' என்று சொல்கிறோம். அதுவும் ஆங்கிலத்தை அடியொற்றிய சொல்தான், ஆனால் கழுவிவிட்ட தரையில் நின்று மீன் வாங்குகிறவருக்கு அந்தப் பெயர் உறுத்துவதில்லை. சுருள் என்னும் சொல்லுக்கு அப்படி ஓர் ஆதரவு இந்த இயந்திரத்தில் கிடைக்காது என்பதோடு, வேறு இரண்டு இடையூறுகளும் உள்ளன. 'ரம்பம்' வடசொல் என்று கருதி யாரேனும் அதை 'வாள்' என்று மாற்றினால் சுருள்வாள் ஆகிவிடும். அது சிலம்பம் பயில்பவர்கள் வீசிச் சுழற்றும் ஆயுதத்தின் பெயர். மேலும், இதே இயந்திரத்தில் மாட்டும் அலகுகளில் ஒரு வகை உண்மையிலேயே முறுக்கிய சுருளாக, எல்லாப் பக்கமும் பற்களோடு வருகிறது. அதைச் சுருள் அலகு என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்; இயந்திரத்துக்கே அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால் அலகுக்கு என்ன செய்வது?

இழை ரம்பம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆயினும் இழைத்தல் என்றால் தச்சருக்கு இழைப்புளியால் மரத்தைச் சீவுவது என்றே பொருள்படும் என்பதால் அது குழப்பம் தரும். வளைவறுப்பான் என்பதோ கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சாவுக்கும் பட்டை ரம்பத்துக்கும்கூடப் பொருந்திவிடும்.

அவற்றிலிருந்து இந்த இயந்திரத்தைப் பிரித்துக் காட்டுவது எது என்று பார்க்கவேண்டும். ஜிக்சாவின் அலகு ஒரு முனையில் மட்டும் பிடிபட்டிருக்கும். பட்டை ரம்பத்தின் அலகு முனையே இல்லாத வளையம். இதிலோ அலகின் இரு முனைகளும் மேல்கை, கீழ்கை இரண்டுக்கும் இடையில் இழுத்துப் பிடிக்கப்படுகின்றன. பலகையின் நடுவில் சிறு துளையிட்டு, அலகின் மேல்முனையைக் கழற்றி, அதைத் துளைக்குள் நுழைத்து மீண்டும் மாட்டினால், பலகையின் ஓரத்தைத் தொடாமலே உள்ளே அறுக்கலாம். கத்தோங், ஜூ சியாட் பக்கத்துப் பழைய கடைவீடுகளின் இறவாணத்தில் சல்லடைபோல் தொங்கும் மரப்பலகைகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த உள்வெட்டு வேலையின் அழகு எத்தகையது என்று தெரியும்.

அந்த வேலைக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. கோயில் தூண்களிலும் வாகனங்களிலும் கொடியும் இலையுமாக ஓடும் செதுக்கு வேலையைக் கொடிக்கருக்கு என்பார்கள். அதே கருக்கு பனைமட்டையின் ஓரத்தில் பல்வரிசையாக நிற்பதையும் குறிக்கும். பல் வைத்த அரிவாள் கருக்கரிவாள். பல்லுக்கும் பூவேலைக்கும் பொதுவாக நிற்கும் இந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறெங்கும் தேடவேண்டியதில்லை என்பது என் எண்ணம். எனவே, 'கருக்கு ரம்பம்'.

இதற்கும் மறுப்பு வரலாம். எல்லா ரம்பத்துக்கும் பல் உண்டே, பின் 'கருக்கு' எதற்கு என்று கேட்கலாம். இரண்டு பொருளில் இங்கே முந்தி நிற்பது வேலைப்பாடு, பல் துணைக்கு வருகிறது என்பதே என் விடை. கருக்குதல் என்றால் தீய்த்தல் அல்லவா என்றும் கேட்கலாம். மழுங்கிய அலகைக் கடினமான மரத்தில் வேகமாக ஓட்டிப் பார்த்தவர்கள் அதையும் பொருத்தம் என்றே சொல்வார்கள். ரம்பம் வேண்டாம், பழஞ்சொல் வேண்டும் என்போருக்கு அகநானூற்றின் 24ஆம் பாட்டில் சங்கு அறுக்கும் 'வாளரம்' இருக்கிறது. ஆனால் கடையில் போய் வாளரம் கேட்டால் அரத்தைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இயந்திரத்தின் பெயரைவிட அதன் உறுப்புகளுக்குப் பெயரில்லாததுதான் வாங்கும்போது எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் பழைய இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கினேன். அதில் முனையில் குறுக்காக ஆணி வைத்த அலகு மட்டுமே மாட்டமுடியும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பொங்கலுக்காக 3 மி.மீ. ஒட்டுப்பலகையில் சிக்குக் கோலம் ஒன்றை வரைந்துவைத்திருந்தேன்; அதன் சிறிய கண்கள் 4 மி.மீ. அகலம்கூட இல்லை. ஆணி வைத்த முனை நுழைய ஏறக்குறைய 5 மி.மீ. துளை வேண்டும். துளை போட்டாலே கோலத்தின் கோடு போய்விடும். ஆணியில்லாத அலகாக இருந்திருந்தால் ஒன்று, ஒன்றரை மி.மீ. துளையே போதும். இவ்விரண்டையும் 'குறுக்காணி அலகு', 'வெறுமுனை அலகு' என்று பிரித்துச் சொல்லலாம். மொட்டை அலகு என்றுதான் முதலில் எழுதினேன். மழுங்கிய கத்தியையும் மொட்டைக் கத்தி என்பதால் அடித்துவிட்டேன். புதிதாக வாங்குவோர் எவரானாலும் வெறுமுனை அலகு மாட்டுமா, கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே பிடியைத் தளர்த்தி இறுக்கமுடியுமா என்ற இரண்டையும் வேறெதற்கும் முன் கேட்டுவிடுங்கள். அறுபது கண்கள் உள்ள கோலத்துக்கு அறுபது முறை கழற்றி மாட்டவேண்டும்.

அலகிலிருந்து பின்சட்டம் வரையுள்ள இடைவெளியை ஆங்கிலத்தில் தொண்டை என்கிறார்கள். பாக்குவெட்டிக்கு வாய் இருப்பதுபோல் இதற்கும் 'வாய் ஆழம்' என்றால் போதும். 16 அங்குல வாய் என்றால் அலகிலிருந்து பின்பக்கம் ஏறக்குறைய 40 செ.மீ. வரை பலகையைத் திருப்ப இடம் இருக்கும்; அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்க அதைவிடப் பெரியது எனக்குக் கட்டுப்படியாகாது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். அலகு நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை ஏறியிறங்கும் இயந்திரங்கள் பரவலாகக் கிடைக்கின்றன; அக்ரிலிக் அறுக்கும்போது வேகம் கூடினால் அது உருகி அலகிலேயே ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து வரவழைப்போர் அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்பதையும் இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதையும் மறக்கவேண்டாம். மின்மாற்றி வோல்ட்டை மட்டுமே சரிசெய்யும்; ஹெர்ட்ஸை மாற்றாது.

எனக்கு இன்னும் பிடிபடாத சொல் ஒன்று இருக்கிறது. அலகை மாட்டியபின் விரலால் சுண்டிப் பார்ப்போம். தம்புரா தந்திபோல் 'ணிங்' என்று ஒலித்தால் சரியாக இறுகியிருக்கிறது, 'டப்' என்று அமுங்கினால் தளர்வாக இருக்கிறது என்று பொருள். அந்த நிலையை இழுவிசை என்று எழுதினால் இயற்பியல் பாடநூல்போல இருக்கிறது. என் காதுக்கு 'விறைப்பு' சரியாகப் படுகிறது; ஆனால் மிருதங்கத்துக்கு வார் பிடிப்பவர்களும் கட்டில் நாடா பின்னுபவர்களும் இதற்குச் சொல் வைத்திருப்பார்கள். குழுவில் அவர்களை அறிந்தவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
பொங்கோலிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தச்சன்