கல்லறைகளை உடைத்தவர்கள் மீது எந்தப் பிரிவில் வழக்குப் பதியலாம்?

நெல்லைவாசி:
எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பல கல்லறைகளை உடைத்துவிட்டார்கள். என் பாட்டியின் கல்லறைச் சிலுவை அடியோடு பெயர்ந்து கிடக்கிறது. பெயர் பொறித்த பளிங்குப் பலகையைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துச் சென்றிருக்கிறார்கள். காவல் நிலையத்தில், "இது இடத் தகராறு, கோர்ட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். என்ன செய்வது? அவசரமாகத் தெரிய வேண்டும்.

தாமிரபரணி:
மனம் வருந்துகிறேன், தம்பி. சம்பவம் எப்போது நடந்தது? எழுத்து மூலம் புகார் கொடுத்தீர்களா, வாய்மொழியாகச் சொன்னீர்களா? புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்களா?

ஆவணப்பிரியன்:
நிலம் யாருடையது என்பதையே நீங்கள் சொல்லவில்லை. திருச்சபையின் பட்டா நிலமா, மயானப் புறம்போக்கா? பக்கத்து நிலத்துக்காரர் எல்லையைத் தள்ளிப் போடும் நோக்கத்தில்தான் இத்தகைய காரியங்கள் பெரும்பாலும் நடக்கின்றன. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். புறம்போக்காக இருந்தால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

சட்டமுனை:
இங்கே பலமுறை விளக்கப்பட்ட செய்தி இது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சமாகும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றம் என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 301ஆவது பிரிவு, அதற்கு முந்தையது என்றால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 297ஆவது பிரிவு. இரண்டிலும் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்பதால், காவல் துறை வழக்குப் பதிய நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. நிலம் யாருடையது என்ற ஆராய்ச்சி இங்கே அவசியமற்றது.

ஆவணப்பிரியன்:
அவசியமற்றது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அத்துமீறி நுழைந்ததை நிரூபிக்க, அந்த இடம் யார் பொறுப்பில் உள்ளது என்று காட்ட வேண்டாமா? மேலும், பளிங்கை விற்கத் திருடியவனுக்கு யாருடைய மனதையும் புண்படுத்தும் எண்ணம் இருந்திருக்காது. அவன் மீது 301 எப்படி நிற்கும்?

சட்டமுனை:
பிரிவை முழுவதும் படியுங்கள். புண்படுத்தும் எண்ணம் மட்டுமல்ல, தன் செயலால் பிறர் மனம் புண்படக்கூடும் என்று அறிந்திருந்தாலே போதும். கல்லறைச் சிலுவையைப் பெயர்ப்பவன் அதை அறியாதிருந்தான் என்று எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது.

தாமிரபரணி:
இந்த விவாதத்தில் கேட்டவரை மறந்துவிட வேண்டாம். பளிங்கு காணாமல் போனதால் அதே நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303ஆவது பிரிவும், உடைத்ததற்கு 324ஆவது பிரிவும் பொருந்தும். 324இல் சேதத்தின் மதிப்பைப் பொறுத்துத் தண்டனை உயரும். 1 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ஐந்தாண்டு வரை போகும். ஆகவே, எதையும் சீர்செய்வதற்கு முன் ஒவ்வொரு கல்லறையையும் படமெடுத்து, கொத்தனாரிடம் மதிப்பீடு எழுதி வாங்குங்கள். புகாரை உங்கள் சேகர (திருச்சபை வட்டார) குருவானவரும் உடைபட்ட கல்லறைகளின் குடும்பத்தாரும் சேர்ந்து கொடுப்பது நல்லது. நிலையத்தில் மறுத்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

வைகைக்கரை:
இன்னொன்று. பட்டியல் சாதியினர் அந்த இடத்தைப் பிறரைப் போல் பயன்படுத்துவதைச் சாதியின் பெயரால் தடுப்பதற்காக இது நடந்திருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவையும் புகாரில் குறிப்பிட வேண்டும். அதில் குறைந்தது ஆறு மாதச் சிறை உண்டு. எங்கள் பக்கத்தில் மயானத் தகராறு என்றாலே பெரும்பாலும் இதுதான் அடியில் இருக்கும்.

சட்டமுனை:
கேட்டவர் சாதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதபோது அதை இழுப்பது முறையன்று.

வைகைக்கரை:
அவர் நிலத்தைப் பற்றியும் சொல்லவில்லை, தேதியையும் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறென்ன?

நெல்லைவாசி:
நிலம் திருச்சபையின் பட்டா. சம்பவம் இந்த மாதம் நடந்தது. சாதித் தகராறு எதுவும் இல்லை. மதிப்பீட்டுடன் கண்காணிப்பாளருக்கு அனுப்பிய பிறகு நிலையத்திலிருந்தே அழைத்து, 301, 303, 324 ஆகிய மூன்று பிரிவுகளிலும் வழக்குப் பதிந்துவிட்டார்கள். அனைவருக்கும் நன்றி.