மிரோவின் 'பார்சிலோனா வரிசை': இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

வெட்டிப்பேச்சு: ஸ்பெயின் ஓவியர் ஜுவான் மிரோவின் 'பார்சிலோனா வரிசை' லித்தோகிராஃப் (கல்லச்சு) படங்களைப் புரட்டினேன். மொத்தம் 50, எல்லாம் கறுப்பு வெள்ளை. பல்லை இளிக்கும் பெருந்தலைகள், அங்கங்கே ஒரு நட்சத்திரம். 'அபாரம்' என்கிற யாரும் எந்த இடம் அபாரம் என்று சொல்வதில்லை. அதுவும் வெறும் அச்சுப் பிரதி!

கல்லச்சு: பிரதி என்றதும் ஜெராக்ஸ் என்று நினைத்துவிட்டீர்கள். லித்தோவில் எண்ணெய்ப் பசையுள்ள க்ரேயானால் கல்லில் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், கோடு மட்டும் மையை வாங்கும். தாளில் அழுத்தி எடுப்பதுதான் மூலப் படைப்பே. மிரோ மாற்றுத்தாளில் வரைந்தார், அதிலிருந்து கல்லுக்கு ஏற்றினார்கள். 1944இல் அவருடைய நண்பர் ஜுவான் பிராட்ஸ் (தொப்பி வியாபாரி!) வெளியிட்டது ஐந்தே தொகுப்புகள், கூடவே ஓரிரு சோதனைப் பிரதிகள்.

வெட்டிப்பேச்சு: சரி, ரவிவர்மாவின் லட்சுமி படமும் கல்லில் அச்சடித்ததுதான். அதை ரசிக்க யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லையே?

தென்றல்: லட்சுமியை நமக்கு முன்பே தெரியும் சார். மிரோ வரைந்தது எந்தக் காலம் என்று பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஜெயித்து 1939இல் சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சிக்கு வந்தாயிற்று. 1940இல் ஜெர்மன் படை பிரான்சுக்குள் புகுந்ததும் மிரோ அங்கிருந்து ஸ்பெயினுக்கே திரும்பினார். அந்தப் பல்லிளிப்பு யாருடையது என்று புரிகிறதா?

வெட்டிப்பேச்சு: கதை சொன்னால்தான் புரியும் என்றால் கதையே போதுமே, படம் எதற்கு?

கல்லச்சு: கதையை விடுங்கள். ஒரு தாளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்புக்குள் பொடிப்பொடியாக வெள்ளை தெரியும். கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். சில தாள்களில் பெருந்தலைக்கு அப்பிய கறுப்பு, பக்கத்திலுள்ள சின்ன உருவத்துக்கு மெல்லிய கோடு. யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று சொல்ல பிராங்கோ வேண்டுமா?

வெட்டிப்பேச்சு: மிரட்டல் தெரிகிறது, மறுக்கவில்லை. அதற்காக 50 தாளா? பத்தோடு நிறுத்தியிருக்கலாம். நட்சத்திரம் எதற்கு என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

தென்றல்: 1940-41இல் அவர் வரைந்த 'விண்மீன் கூட்டங்கள்' 23 படங்களையும் பாருங்கள். அங்கே தாள் முழுக்க நட்சத்திரமும் பறவையுமாக நெரிசல். இங்கே அந்த இடத்தைப் பெருந்தலைகள் பிடித்துக்கொண்டன. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

வெட்டிப்பேச்சு: இது உங்கள் விளக்கம், மிரோ சொன்னதல்ல. அந்த 23ஐயும் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் இந்த 50இல் ஒன்றைக்கூட வீட்டில் மாட்டமாட்டேன்.