1968 ஷெவெல்: பின் ஆக்சிலின் 2.73 கியரை எதற்கு மாற்றுவது?

கேள்வி

வணக்கம். என்னிடம் 1968ஆம் ஆண்டின் ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 கார் இருக்கிறது. எஞ்சின் நல்ல நிலையில் உள்ளது. டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் பன்னிரண்டு போல்ட் பின் ஆக்சிலும் அதனுடன் வந்தவையே. ஆனாலும் சிக்னலில் நின்று கிளம்பும்போது இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு உரிய இழுவை கிடைப்பதில்லை. பின் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் நான் போட்டிருந்த சாக்பீஸ் கோடு இரண்டே முக்கால் சுற்றுக்கு மயிரிழை முன்பாக நின்றது. பாசிட்ராக்‌ஷன் (இரு பின் சக்கரங்களையும் சேர்த்துச் சுழற்றும் அமைப்பு) இருப்பதால் இரு சக்கரங்களும் ஒரே திசையில் சுற்றின. ஆகவே ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, 2.73 என்றே கொள்கிறேன். 4.10 போடும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். வாரந்தோறும் நெடுஞ்சாலையில் நாற்பது மைல் போகிறவன் நான். டயரின் உயரம் 26 அங்குலம். எதைத் தேர்ந்தெடுப்பது, கூடவே எவற்றை மாற்ற வேண்டியிருக்கும்?

முதல் மறுமொழி

நண்பரே, முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு எத்தனை மைல் என்பதை ரேஷியோவாலும் 336ஆலும் பெருக்கி, டயரின் உயரத்தால் வகுத்தால் டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது தெரிந்துவிடும். 65 மைல் வேகத்தில் உங்கள் எஞ்சின் இப்போது ஏறத்தாழ 2,290 சுற்றில் ஓடுகிறது, 3.55 போட்டால் 2,980, 4.10 போட்டால் 3,440. டர்போ 400 கியர்பாக்ஸில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் உயர் கியர்) கிடையாது என்பதால் அந்த 3,440 சுற்றின் இரைச்சலோடுதான் நாற்பது மைலையும் கடக்க வேண்டியிருக்கும். அதன் முதல் கியர் 2.48, பின் ஆக்சிலோடு பெருக்கினால் இப்போது 6.77 வருகிறது, 3.55 போட்டால் 8.80 ஆகிவிடும். முப்பது விழுக்காடு கூடுதல் இழுவை என்பது சாலையில் ஓடும் காருக்குத் தாராளமானது. எனவே 3.55 போதும் என்பதே என் கருத்து. பிற்காலத்தில் 200-4ஆர் போன்ற ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3.73 பற்றி யோசியுங்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன 3.55ஐ நானும் வழிமொழிகிறேன். ஆனால் ஆக்சிலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலையும் அதைச் சுழற்றும் சிறிய பினியனையும் மட்டும் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். ரேஷியோ கூடக்கூடப் பினியன் சிறுத்துவிடுவதால், கிரவுன் வீல் அதை நோக்கி நகர்ந்து உட்கார வேண்டும். அதற்காகவே பன்னிரண்டு போல்ட் ஆக்சிலுக்கு, கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரை மூன்று வகையாகச் செய்தார்கள். 2.73 வரைக்கும் ஒன்று, 3.07 முதல் 3.73 வரைக்கும் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. உங்களிடம் இருப்பது முதல் வகை. ஆகவே 3-சீரிஸ் என்று சொல்லப்படும் நடு வகைப் பாசிட்ராக்‌ஷன் கேரியரையும், புதிய பேரிங்குகளையும், ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), கிரஷ் ஸ்லீவையும் (பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கிப் பேரிங்கின் இறுக்கத்தை நிர்ணயிக்கும் குழாய்) சேர்த்தே செலவைக் கணக்கிடுங்கள்.

இந்த வேலையின் உயிர் பொருத்துவதில்தான் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் காரை ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் பழைய ஷிம்மையே புதுப் பினியனுக்கும் போட்டுவிட்டார்கள். ஐம்பது மைலைத் தொட்டதும் காரின் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் எழுந்தது. நானே மூடியைக் கழற்றி, பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்தபோது, பசை பல்லின் அடிவேரில் மட்டும் ஒரு மெல்லிய கீற்றாக அழிந்திருந்தது. பினியன் அளவுக்கு மீறி உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்; ஷிம்மைக் குறைத்த பிறகுதான் தடம் பல்லின் நடுவுக்கு வந்தது. டயல் கேஜில் பேக்லாஷ், அதாவது பற்களுக்கிடையிலான தளர்வு, 0.006 முதல் 0.010 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும். பினியன் நட்டை இறுக்கும்போது அளவு மீறிவிட்டால், நட்டைத் தளர்த்திச் சரிக்கட்டக் கூடாது. கிரஷ் ஸ்லீவ் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், புதியதைப் போட்டே ஆக வேண்டும்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 3.55 என்று முடிவு செய்துவிட்டேன். கேரியரையும் சேர்த்தே வாங்குகிறேன். ஸ்பீடாமீட்டர் சரியாகக் காட்டுமா? ஓட்டிப் பழக்குவதற்கு முறை ஏதேனும் உண்டா?

இரண்டாம் மறுமொழி அளித்தவர்

காட்டாது. ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் வால்பக்கத்திலிருந்து இயங்குவதால், நீங்கள் 50 மைலில் போகும்போது முள் 65இல் நிற்கும். அங்கே உள்ள சிறு பிளாஸ்டிக் கியரைப் புதிய ரேஷியோவுக்கு ஏற்ற பல் எண்ணிக்கை கொண்டதாக மாற்றிவிடுங்கள். பழக்குவதற்கு முதலில் பதினைந்து, இருபது மைல் நிதானமாக ஓட்டி, ஆக்சில் முற்றிலும் ஆறும்வரை நிறுத்தி வையுங்கள். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். 500 மைல் ஆனதும் கியர் ஆயிலை மாற்றுங்கள். அப்போதும் பாசிட்ராக்‌ஷனுக்கான சேர்க்கைத் திரவத்தை ஊற்ற மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் திருப்பங்களில் ஆக்சிலுக்குள் இருக்கும் கிளச் தகடுகள் கடகடவென்று அதிரும்.