ஒரே திரையில் நால்வர் வரைந்த கண்மாய்

மேலூர் வட்டாரத்தில் நான் பணிபுரியும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு மாணவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஊர்க் கண்மாயைக் கணினியில் சேர்ந்து வரையச் சொன்னேன். எக்ஸ்காலிடிரா என்னும் இலவச வரைபலகையில், இணைப்பைப் பகிர்ந்துகொண்டால் வெவ்வேறு கணினிகளில் இருப்பவர்கள் ஒரே படத்தை ஒரே நேரத்தில் வரையலாம். ஒவ்வொருவரின் சுட்டியும் பெயரோடு மற்றவர் திரையிலும் நகரும்.

தொடக்கத்தில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு பனைமரம், கொக்கு, அய்யனார் கோயில் என்று வரைந்தார்கள். பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எப்படி உள்ளே வந்து எப்படி வெளியேறுகிறது என்று அம்புக்குறியிட்டுக் காட்டச் சொன்ன பிறகே உண்மையான பாடம் தொடங்கியது. ஒரு மாணவி, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையை ஒட்டியே, மிகுநீர் வழிந்தோடும் கலுங்கையும் வரைந்திருந்தாள். தந்தையுடன் வயலுக்குச் சென்று பழகிய மாணவன், "கலுங்கு கரைக்கோடியில இருக்குல்ல, இங்க ஏன் வச்ச?" என்று கேட்டான். அவள் இடத்தை மாற்றினாள். ஆனால், மடையை நாம் திறக்க வேண்டும், கலுங்கில் தண்ணீர் தானாக வழிகிறது என்றால் கலுங்கு கரையைவிடத் தாழ்வாகத்தானே இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். மேலிருந்து பார்க்கும் படத்தில் உயரத்தைக் காட்ட வழியில்லை என்பது அப்போதுதான் நால்வருக்கும் புரிந்தது. யாரும் சொல்லாமலே, கரையைக் குறுக்காக வெட்டிப் பார்ப்பது போன்ற இரண்டாவது படத்தை அருகிலேயே வரைந்தார்கள். இந்த ஐயத்தை என் விளக்கம் ஒருபோதும் எழுப்பியிருக்காது என்றே நினைக்கிறேன்.

தாளில் குழுவாக வரையும்போது பென்சில் வைத்திருப்பவர் சொல்வதே சட்டம். ஒரே கணினியைப் பல குழந்தைகள் சூழ்ந்திருக்கும்போதும் மவுஸ் ஒருவர் கையிலேயே நின்றுவிடுகிறது. இதைக் கண்டுதான் பெங்களூருவிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தினர், ஒரே திரையில் குழந்தைக்கு ஒரு மவுஸும் தனித்தனிச் சுட்டியும் தரும் முறையை உருவாக்கி, 2006-ஆம் ஆண்டில் அதுபற்றி எழுதினார்கள். கணினி குறைவாக உள்ள பள்ளிகளுக்கு அந்த எண்ணம் இன்றும் பொருந்தும்.

எவரும் எதையும் அழிக்கலாம் என்பது இவ்வகைப் பலகையில் உள்ள பெரிய இடர். ஆகவே, வரைந்தவரைக் கேட்காமல் அழிக்கக் கூடாது, பக்கத்தில் வேறு நிறத்தில் திருத்தம் வரையலாம் என்று விதி வைத்தேன். இரு நிறக் கோடுகளும் அருகருகே நிற்பதால், எங்கே கருத்து வேறுபட்டது என்பதை வகுப்பு முடிந்த பின்னும் என்னால் படத்திலேயே படிக்க முடிகிறது. மறுநாள் பாடத்தை அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.